28,000 சம்பளம், 40,000 இன்சென்டிவ்: நம்பிப் போகலாமா?

கேள்வி: வயது 29. கோவையில் ஒரு மருந்து நிறுவனத்தில் மெடிக்கல் ரெப். சேர்ந்து நான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கைக்கு 38,000 ரூபாய் வருகிறது, அடிப்படைச் சம்பளம் 20,000. எலும்பு முறிவுக்கான பிளேட், ஸ்க்ரூ, மூட்டு மாற்று இம்ப்ளான்ட் விற்கும் டீலர் ஒருவர் கூப்பிடுகிறார். சம்பளம் 28,000, இன்சென்டிவ் 40,000 வரை வருமாம். வீட்டுக் கடன் தவணை 13,500, குடும்பச் செலவு 20,000, சேமிப்பு 1,10,000. மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் எட்டு மாதம் பொறுங்கள்.

உங்கள் மாதச் செலவு 33,500. புதிய சம்பளத்தில் மாதாமாதம் 5,500 துண்டு விழும். இன்சென்டிவ் அதைச் சரிக்கட்டும் என்பார்கள். அது பில் தொகைக்கா, வசூலான தொகைக்கா என்று முதலில் கேளுங்கள். இம்ப்ளான்ட் வியாபாரத்தில் சரக்கை மருத்துவமனையில் முன்கூட்டியே வைத்துவிட்டு, ஆபரேஷனில் பயன்பட்டதற்கு மட்டும்தான் பில் போடுவார்கள். பணம் வர மூன்று மாதம் ஆவது சகஜம். காப்பீட்டுத் திட்டக் கேஸ் என்றால் இன்னும் இழுக்கும். ஜூன் மாதம் விபத்துக் கேஸுக்காக ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிப்போய், கனமான ஈய ஏப்ரனோடு சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அதற்கான காசு தீபாவளிக்குத்தான் வரும். ஆபரேஷன் முடிந்து ட்ரேயை எண்ணும்போது ஒரு 3.5 மி.மீ. ஸ்க்ரூ குறைந்தால் யார் கணக்கில் ஏறும் என்பதையும் கேளுங்கள்.

மூட்டு மாற்றில் கமிஷன் கொட்டும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தபோது, சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டு, ஜிஎஸ்டி நீங்கலாக 54,720-க்கு இறங்கியது. நோயாளிகளுக்கு அது பெரிய நிம்மதி. விற்பவருக்கோ இனி கேஸ் எண்ணிக்கையில்தான் வருமானம்.

சரி, ஏன் எட்டு மாதம்? அதற்குள் உங்களுக்கு ஐந்து வருடச் சேவை முடிகிறது. அத்தனை வருடம் வேலை செய்தவருக்கு நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியாகச் சுமார் 57,000 கிடைக்கும். இப்போது மாதம் மிஞ்சும் 4,500-ஐத் தொடாமல் வைத்தால் 36,000 சேரும். கையிலிருக்கும் 1,10,000-ஐயும் கூட்டினால் 2,03,000. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு அது போதும். அந்தப் பணம் இருந்தால், இன்சென்டிவ் தாமதமானாலும் தவணை தவறாது. இம்ப்ளான்ட் விற்க ஆள் தேவை எப்போதும் இருக்கிறது, இந்த டீலர் இல்லாவிட்டால் இன்னொருவர் கூப்பிடுவார். அதற்குள் இம்ப்ளான்ட் கம்பெனிகளுக்கு நேரடியாகவும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

அப்புறம், டாக்டர்களுக்குப் பரிசு, வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலை என்றால் அந்த இடமே வேண்டாம். மருத்துவக் கருவி விற்பனைக்கான 2024 நடத்தை விதி அதைத் தடுக்கிறது. மாட்டினால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

சேரும்போது சம்பளம் 34,000 கேளுங்கள். மறுத்தால், முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்தபட்ச இன்சென்டிவ் உத்தரவாதத்தை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.