கஸ்மாலம்: துரை கதையை மேடையில் சொல்லலாமா?

துறைமுகத்தில் சம்பளம் கொடுத்த வெள்ளைக்காரத் துரை, மாடியைக் காட்டி 'கேஷ் மேலே' என்று கத்தியதுதான் 'கஸ்மாலம்' ஆனது என்ற கதையை உங்கள் மகள் பள்ளி மேடையில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கதை அருமை, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது கட்டுக்கதை.

சமஸ்கிருதத்தில் 'கச்மலம்' என்றால் அழுக்கு, மனக்கலக்கம். பகவத்கீதை 2ஆம் அத்தியாயம், 2ஆம் சுலோகத்தில் சோர்ந்துபோன அர்ஜுனனிடம் கண்ணன் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறான். நம் சென்னைக் குழாயடியில் கேட்கும் வசவு குருக்ஷேத்திரத்திலும் ஒலித்திருக்கிறது! துரை கதையைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், 'பேமானி'க்கும் யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். அது நேர்மையின்மையைக் குறிக்கும் உருதுச் சொல்.

மகள் துரை கதையையும் சொல்லட்டும். 'இது சும்மா கட்டியது' என்று சொல்லிவிட்டு அர்ஜுனனிடம் வரட்டும்.