தையல் கேள்வி பதில்: இன்றைய பேட்டர்னில் அன்றைய கவுன்

கேள்வி: கல்லூரி நாடகத்துக்காக, இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்துப் பெண் ஒருத்தியின் கவுனைத் தைக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது இன்றைய பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அச்சு): பக்கவாட்டில் மார்பு டார்ட் (துணி உடலோடு பொருந்த ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் பிடிப்பு), நடு முதுகில் ஜிப், முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் ஏ-லைன் பாவாடை (இடுப்பிலிருந்து கீழே சற்றே அகலும் வெட்டு). பாவாடையைக் குடைபோல் விரித்துவிட்டால் பழைய தோற்றம் வந்துவிடுமா?
வாசகி, திருச்சி

பதில்: வரும், ஆனால் நீங்கள் கேட்கும் காலத்தின் தோற்றமாக இருக்காது. ஒடுங்கிய இடுப்பும் குடைப் பாவாடையும், 1947 பிப்ரவரியில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உடைகளுக்குப் பிறகு பரவியவை. போர்க்கால பிரிட்டனிலோ 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு இருந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன் என்று தொடங்கிய அத்திட்டத்தில் கம்பளி உடை ஒன்றுக்கே 11 கூப்பன் போய்விடும் என்பதாலும், மடிப்புகளுக்கும் பொத்தான்களுக்கும்கூட அரசு பின்னர் வரம்பு விதித்ததாலும், அன்றைய தையல்காரர்கள் துணியைத் தாராளமாகச் செலவழிக்காமல் வெட்டிலேயே அழகைக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஏ-லைன் பாவாடையை அப்படியே வைத்துக்கொண்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருமாறு நீளத்தை மட்டும் கூட்டுங்கள்.

உண்மையான வேலை மேல்பகுதியில் இருக்கிறது. முன்பக்கக் காகிதத்தில், தோள் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே அதற்கு இணையாக ஒரு கோடு போட்டு வெட்டினால் யோக் (தோளை ஒட்டிய தனித் துண்டு) தனியே வந்துவிடும். மிச்சமுள்ள துண்டில் யோக் கோட்டின் நடுவிலிருந்து மார்பு உச்சி வரை வெட்டுங்கள். பக்கவாட்டு டார்ட்டையும் அதே உச்சி வரை நீட்டி, ஒரு கோட்டில் வெட்டி, மறு கோட்டின்மேல் வைத்து ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் மூடிய அகலம் மேலே வாய் பிளந்து நிற்கும். அதை டார்ட்டாகப் பிடிக்காமல், சுருக்குத் தையல் போட்டு யோக்கின் அளவுக்கு இழுத்துப் பொருத்தினால், அந்தக் காலத்துக் கவுன்களில் தோளுக்குக் கீழே தெரியும் மென்மையான சுருக்கம் கிடைத்துவிடும். எந்த லேஸும் பூவேலையும் தராத பழமையை இந்த ஒரு மாற்றம் தந்துவிடும் என்பது என் கருத்து.

அடுத்தது தோள். அரை அங்குலத் தடிமனுள்ள ஷோல்டர் பேட் வைப்பதானால், தோள் கோட்டின் வெளிநுனியை அதே அரை அங்குலம் உயர்த்தி, கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் சரித்துக் கொண்டுவர வேண்டும். கையின் மேல் வளைவையும் அதே அளவு உயர்த்த வேண்டும். முதன்முறை இதைச் செய்தபோது நான் கையை மறந்துவிட்டேன். பேட் துருத்திக்கொண்டு, தோளில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. காடாத்துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்திருந்தால் நல்ல துணி தப்பியிருக்கும்.

நடு முதுகு ஜிப்பை எடுத்துவிட்டு, இடப்பக்கத் தையலில் அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைக் கடந்து செல்லுமாறு வையுங்கள். தலை நுழைவதற்குப் பின்கழுத்தில் சிறு திறப்பும் ஒற்றைப் பொத்தானும் போதும். துணி, குழைந்து விழும் ரேயான் கிரேப்பாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

கேள்வி: எனக்கு 1950களின் குடைப் பாவாடைதான் வேண்டும். இடுப்பு 28 அங்குலம், நீளம் 27 அங்குலம். எப்படி வெட்டுவது?
வாசகி, ஈரோடு

பதில்: இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். உங்களுக்கு ஏறத்தாழ நாலரை அங்குலம். அதனுடன் நீளத்தைக் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம் 31½ அங்குலம் ஆகிறது. 44 அங்குல அகலத் துணியில் முழுவட்டம் அடங்காது என்பதால், நேர் விளிம்பு துணியின் கரையோரமாக வருமாறு இரண்டு அரைவட்டங்களாக வெட்டுங்கள். தையலுக்கும் கீழ்மடிப்புக்கும் விட்டது போக மூன்றரை மீட்டர் போதும். பாவாடையை இடுப்புப் பட்டியோடு இணைத்தபின் உடனே கீழே மடித்துத் தைக்காதீர்கள். துணியின் இழை சாய்வாக விழும் இடங்கள் தம் எடையாலேயே இறங்கும் என்பதால், ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டு, மறுநாள் உடுத்தி நின்று, தரையிலிருந்து ஸ்கேலால் அளந்து சுற்றிலும் சமப்படுத்திய பிறகே மடியுங்கள்.