மருந்து வண்டியும் மூத்தவர்களும்: டெக்சஸ் மெடிகேஷன் எய்ட் வேலை பற்றிக் கேள்வி பதில்

டெக்சஸின் முதியோர் இல்லங்களில் மெடிகேஷன் எய்டாக (நர்ஸின் மேற்பார்வையில் மருந்து கொடுக்கும் உதவியாளராக) வேலை பார்ப்பவர்களும், அதற்குப் படிக்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்கள் டெக்சஸ் விதிகளை ஒட்டியவை. இந்த வேலைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு எல்லை.

கேள்வி: அக்கா, நான் இர்விங்கில் நர்ஸ் எய்டாக இருக்கிறேன். மெட் எய்ட் ஆக எவ்வளவு காலம் படிக்க வேண்டும்?

பயிற்சி மொத்தம் 140 மணி நேரம். வகுப்பறையில் 100, செய்முறைக் கூடத்தில் 20, இல்லத்தில் நேரடிப் பயிற்சி 10, மறுபடியும் செய்முறைக் கூடத்தில் 10. வயது 18 ஆகியிருக்க வேண்டும், பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், பயிற்சி தொடங்கும் நாளில் ஓர் இல்லத்தில் நேரடிப் பராமரிப்பு வேலையில் இருக்க வேண்டும். தேர்வு எழுதி மாநிலத்தின் பெர்மிட் வாங்கியபின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 7 மணி நேரத் தொடர்கல்வி தேவை. இந்த 7 மணியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். பெர்மிட் காலாவதியான நாளில் மருந்து வண்டியைத் தொடக் கூடாது.

கேள்வி: எங்கள் இல்லத்தில் நர்ஸ் பிஸியாக இருந்தால் "நீயே இன்சுலின் போட்டுவிடு" என்கிறார். போடலாமா?

இந்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு எந்த ஊசியும் போட முடியாது. மிசூரி போன்ற மாநிலங்களில் தனிப் பயிற்சி முடித்தவர்கள் இன்சுலின் போடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது அங்கே.

வயிற்றுக் குழாய் வழியாக மருந்தோ உணவோ கொடுக்கக் கூடாது. அந்த முதியவருக்கு இதுவரை கொடுக்காத புது மருந்தின் முதல் டோஸை நர்ஸ்தான் கொடுக்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் நோயாளியை மதிப்பிடும் தகுதி அவருக்குத்தான் உண்டு. டோஸ் கணக்குப் போடக் கூடாது. டாக்டர் தொலைபேசியில் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது, "ஒரு நிமிடம், நர்ஸிடம் தருகிறேன்" என்று போனை நீட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கும் பிஆர்என் மருந்துக்கும், மாத்திரையைப் பொடிப்பதற்கும் முதலில் நர்ஸின் அனுமதி வேண்டும். சொன்னவர் நர்ஸே ஆனாலும், எல்லை மீறினால் போவது உங்கள் பெர்மிட்.

கேள்வி: காலை 8 மணி ரவுண்டில் எனக்கு 30 பேர். மாத்திரைகளை முன்கூட்டியே கப்பில் போட்டு அடுக்கி வைத்தால் என்ன?

கூடாது. பெயர் எழுதி அடுக்கிய கப்புகளில் ஒன்று கவிழ்ந்தால் போதும், எது யாருடையது என்று சொல்ல வழியே இல்லை. கப்பில் விழுந்த வெள்ளை வட்ட மாத்திரைக்கு முகவரி கிடையாது.

நேரம் மிச்சமாவது வரிசையில்தான். எட்டு மணி மருந்துக்கு முன்பின் ஒரு மணி நேரம் இருப்பது பொதுவான நடைமுறை, அதாவது 7 முதல் 9 வரை. அந்த இரண்டு மணிக்குள் எல்லாருக்கும் ஒரே அவசரம் இல்லை. முதலில் பார்க்கின்சன்ஸ் உள்ளவர்கள்: கார்பிடோபா-லெவோடோபா அரை மணி தள்ளிப்போனாலே உடம்பு விறைத்து, கரண்டியைக்கூடத் தூக்க முடியாமல் போகலாம். அடுத்து சாப்பாட்டோடு தர வேண்டிய சர்க்கரை நோய் மருந்து மெட்ஃபார்மின், அவர்கள் உணவுக்கூடத்தை விட்டு எழுவதற்குள். வைட்டமினும் மலமிளக்கியும் கடைசியில் போகலாம்.

தைராய்டு மருந்தான லெவோதைராக்ஸினை எட்டு மணி ரவுண்டில் வைத்திருந்தால் நர்ஸிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அது காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் போக வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. எலும்புக்கான அலென்ட்ரோனேட் இன்னும் கறாரானது: 180 முதல் 240 மில்லி வெறும் தண்ணீர், பிறகு 30 நிமிடம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும், அதுவரை வேறு உணவோ மருந்தோ கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

மார் (MAR) எனப்படும், யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுத்தோம் என்று குறிக்கும் பதிவேட்டில் கையெழுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு. கதவருகே நின்று கப்பை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினால், மதியம் அந்த மாத்திரை தலையணை உறையில் கிடைக்கும்.

கேள்வி: விழுங்க முடியாதவர்களுக்கு எல்லாவற்றையும் பொடித்து ஆப்பிள் சாஸில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எதைப் பொடிக்கக் கூடாது?

பெயரின் வாலைப் பாருங்கள். ஈஆர், எக்ஸ்எல், எஸ்ஆர், எல்ஏ என்று முடிந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்புக்குள் இறங்கும். மெட்டோப்ரோலால் சக்சினேட் ஈஆர் இதற்கு நல்ல உதாரணம். நடுவே கோடு இருப்பதால் பாதியாக உடைக்கலாம், ஆனால் பொடித்தால் நாடித்துடிப்பு விழும். அதே மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் சாதாரண மாத்திரை. இரண்டுக்கும் முதல் பெயர் ஒன்றாக இருப்பதால்தான் தப்பு நடக்கிறது.

பான்டோப்ரசோலின் மேலுறை வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்கு, உடைத்தால் மருந்து வீண். பொட்டாசியம் குளோரைடு ஈஆர் பொடியானால் குடலை அரிக்கும். டாம்சுலோசின் கேப்சூலைத் திறக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் திரவமாகவோ வேறு வடிவிலோ மாற்று இருக்கிறதா என்று பார்மசியைக் கேட்கச் சொல்லி நர்ஸிடம் சொல்லுங்கள். ஆறு மாதமாக யாரோ பொடித்துக் கொடுத்துவந்தார்கள் என்பது நீங்களும் பொடிக்கக் காரணம் ஆகாது.

ஒருவருக்குப் பொடித்த பையும் கரண்டியும் அடுத்தவருக்கு வேண்டாம். ஆப்பிள் சாஸ் ஒரு கரண்டி போதும். கிண்ணம் நிறையக் கலந்தால் பாதியில் போதும் என்பார், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: தோலில் மருந்துப் பேட்ச் ஒட்டுவதில் எதை மறக்கிறோம்?

பழையதைக் கழற்ற. டிமென்ஷியாவுக்கான ரிவாஸ்டிக்மின் பேட்ச் தினம் ஒன்று. பழையதை விட்டுப் புதிதை ஒட்டினால் இரட்டை டோஸ், வாந்தி, நாடித்துடிப்பு குறைதல். ஒட்டிய அதே இடத்தில் 14 நாளுக்கு மீண்டும் ஒட்டக் கூடாது, எனவே மாரில் இடத்தையும் எழுதுங்கள்: வலது மேல் முதுகு, இடது மார்பு என்று. கடும் வலிக்கான ஃபென்டனில் பேட்ச் 72 மணி நேரத்துக்கு. அதன்மேல் சூடான ஒத்தடப் பை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போய் மூச்சே அடங்கலாம். கழற்றிய ஃபென்டனிலில் இன்னும் மருந்து மீதி இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, சாட்சியோடு, இல்லத்தின் விதிப்படி அப்புறப்படுத்துங்கள். லிடோகைன் 12 மணி நேரம் இருக்கும், 12 மணி நேரம் இருக்காது, கழற்றும் நேரமும் மாரில் ஒரு தனி வரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: நார்கோட்டிக் (பூட்டி வைத்து எண்ணும் போதை வகை வலி மருந்து) எண்ணிக்கையில் ஒரு மாத்திரை குறைந்தால் அடுத்த ஷிப்டுக்காரர் "சரி, அப்புறம் பார்ப்போம்" என்கிறார்.

அப்புறம் என்பதே கிடையாது. கணக்கு நேராகும்வரை சாவி கை மாறக் கூடாது.

எண்ணும் முறை: ஷிப்டுக்கு வருபவர் மாத்திரை அட்டையைப் பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டும், போகிறவர் நார்கோட்டிக் கணக்குப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால், புத்தகத்தில் இருக்கும் எண்ணைத்தான் வாய் சொல்லும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். பின்னால் கீறி மாத்திரையை எடுத்து, அதே நிறத்தில் வேறொன்றை வைத்து டேப் ஒட்டும் திருட்டு எல்லா இல்லங்களும் அறிந்ததுதான். அதனால்தான் உடைத்த குமிழுக்கு டேப் போட்டு மாத்திரையைத் திரும்ப வைக்கக் கூடாது. எடுத்த பிறகு "வேண்டாம்" என்றால் நர்ஸ் முன்னிலையில் அழித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

குறைவு பெரும்பாலும் திருட்டல்ல. மாரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தில் போட மறந்ததுதான். எடுத்த நொடியில் புத்தகம், விழுங்கியபின் மார்: இந்த வரிசை கையில் படிந்துவிட்டால் ஷிப்ட் முடிவில் தேட வேண்டியிருக்காது.

கூடவே ஒன்று. ஹைட்ரோகோடோன் மாத்திரையில் பெரும்பாலும் 325 மில்லிகிராம் அசெட்டமினோஃபென் (பாராசிட்டமால்) ஒளிந்திருக்கிறது. ஒருவருக்கு 650 மில்லிகிராம் அசெட்டமினோஃபென் மூன்று வேளை, மேலே வலிக்கு ஹைட்ரோகோடோன் நான்கு முறை என்றால் 3,250 மில்லிகிராம். ஒரு நாளின் மேல்வரம்பு 4,000, முதியவர்களுக்குப் பல டாக்டர்கள் 3,000 என்றே எழுதுகிறார்கள். டோஸை முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, இரண்டும் ஒரே மருந்து என்று கண்ணில் பட்டதும் நர்ஸிடம் சொல்வது உங்கள் வேலை.

கேள்வி: டிமென்ஷியா உள்ள பாட்டி வாயே திறப்பதில்லை. மகள் "தயிரில் கலந்து கொடுத்துவிடுங்கள்" என்கிறார்.

பொடித்துத் தயிரில் கலப்பது வேறு, அவருக்குத் தெரியாமல் கலப்பது வேறு. மறுக்கும் உரிமை கூட்டரசு விதியிலேயே இருக்கிறது. மறைத்துக் கொடுப்பதை மகளும் நீங்களுமாக முடிவு செய்ய முடியாது, டாக்டரும் பராமரிப்புக் குழுவும் எழுத்தில் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு முன் ஏன் மறுக்கிறார் என்று பாருங்கள். வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீர். பல்செட் புண்ணாக்குகிறதா? 15 நிமிடம் கழித்து, வேறு முகத்தோடு போனால் வாங்கிக்கொள்வார். மறுத்தால் "மறுத்தார்" என்றே குறித்து நர்ஸிடம் சொல்லுங்கள்.

அடையாளம் காண்பதிலும் கவனம். "நீங்கள்தானே மேரி?" என்று கேட்டால் டிமென்ஷியா உள்ளவர் யாருக்கும் ஆமாம் போடுவார். மாரில் உள்ள புகைப்படத்தையும் பிறந்த தேதியையும் பாருங்கள்.

கேள்வி: இதய மருந்தான டிகாக்ஸின் கொடுக்கும்முன் மணிக்கட்டில் 15 நொடி எண்ணி நாலால் பெருக்குகிறேன். போதுமா?

போதாது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் மணிக்கட்டுக்குச் சில துடிப்புகள் எட்டுவதே இல்லை. பெரும்பாலான ஆர்டர்களில் 60-க்குக் கீழ் என்றால் நிறுத்தி நர்ஸைக் கூப்பிட வேண்டும். குமட்டல், பசியின்மை, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னால் எண் சரியாக இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரைக்கும் அப்படியே, 6 மணிக்கு வேறொருவர் எடுத்த அளவை வைத்து 8 மணிக்குக் கொடுக்காதீர்கள். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அழுத்தத்துக்கான ஹைட்ரலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் 25 மில்லிகிராமில் வருகின்றன, அட்டையைப் பெயர் முழுவதும் படித்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் இரண்டு தமிழ்த் தாத்தாக்கள். சுத்த சைவம், கேப்சூல் வேண்டாம் என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான கேப்சூல் ஓடு ஜெலட்டின், மாட்டுத் தோல், எலும்பு அல்லது பன்றியிலிருந்து வருவது. மாத்திரையாகவோ திரவமாகவோ மாற்ற முடியுமா என்று பார்மசியைக் கேட்கச் சொல்லுங்கள். மருந்துக்கு ஜெல்லோ கொடுக்காதீர்கள், அதுவும் ஜெலட்டின்தான். ஏகாதசி அன்று சாப்பிடமாட்டார் என்றால் சர்க்கரை மாத்திரை கொடுக்கும்முன் நர்ஸுக்குத் தெரிய வேண்டும், முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து மகன் கொண்டுவந்த சூரணமும் மஞ்சள்தூள் கேப்சூலும் அலமாரியில் இருந்தால், டாக்டர் ஆர்டர் இல்லாமல் நீங்கள் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மஞ்சள்தூள் கேப்சூல் இரத்தக் கசிவைக் கூட்டக் கூடும். ரசத்தில் போடும் மஞ்சள் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: மாநில ஆய்வுக்காரர் பின்னாலேயே நின்று பார்ப்பாராமே?

ஆமாம். நர்சிங் ஹோமில் மருந்து கொடுக்கும் குறைந்தது 25 தருணங்களைக் கவனிப்பார்கள், பிழை 5 சதவீதத்தை எட்டக் கூடாது. 25-இல் ஒன்று என்றால் 4, தப்பித்தீர்கள். இரண்டு என்றால் 8. உங்கள் வழக்கமான வேகத்திலேயே செய்யுங்கள். இன்ஹேலரை ஆட்ட மறப்பது, இரண்டு பஃப்களுக்கு நடுவே ஒரு நிமிடம் விடாதது, ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லாதது: பதற்றத்தில் விடுபடுபவை இவைதான்.

கேள்வி: தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால்?

உடனே நர்ஸிடம் போங்கள், ரவுண்டை முடித்துவிட்டு அல்ல. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். மாரில் அழித்து எழுதாதீர்கள்.

கேள்வி: கண் சொட்டு இரண்டு வகை இருந்தால்?

நடுவே 5 நிமிடம். சொட்டு விட்டதும் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள், புட்டியின் நுனி இமையில் படக் கூடாது.