ஜூலிக்கு வயதாகிவிட்டது, சரி... அதற்காக?

கேள்வி: எங்கள் ஜூலி, லாப்ரடார், 12 வயது. ஒரு மாதமாகப் படுத்த இடமெல்லாம் ஈரம். தண்ணீரும் நிறையக் குடிக்கிறாள் என்பதால் இரவில் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறேன். நடுராத்திரியில் எழுந்து வீடு முழுக்கச் சுற்றுகிறாள். மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறாள். "வயசாயிடுச்சு, ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்கிறார் கணவர். என்ன செய்வது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முதலில் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள், இன்று இரவே. சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு உடம்பில் தண்ணீர் நிற்காது, அதனால்தான் அவ்வளவு குடிக்கும். அதையும் நிறுத்தினால் நிலைமை மோசமாகும்.

லாப்ரடாருக்கு 12 நல்ல வயதுதான், உங்கள் கணவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் நீங்கள் எழுதிய எதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டு ஓயக் கூடாது. எல்லாவற்றுக்கும் செய்ய ஏதாவது இருக்கிறது.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். தூக்கத்தில் தன்னையறியாமல் கசிந்தால், கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வரும் தசைத் தளர்ச்சியாக இருக்கலாம். மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கும். கருத்தடை செய்யாதவள் என்றால் தாமதிக்காதீர்கள். கருப்பையில் சீழ் கட்டினாலும் தாகம் கூடும். அது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயிலும் இதே தாகம்தான். அளந்து பார்த்துவிடுங்கள்: லிட்டர் பாட்டிலால் ஊற்றி, 24 மணி நேரத்தில் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 30 கிலோ நாய் 3 லிட்டருக்கு மேல் குடித்தால், அது அதிகம்.

டாக்டரிடம் போகும் நாள் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போங்கள். நீளப் பிடியுள்ள சாம்பார் கரண்டியைக் கழுவித் துடைத்து, அவள் குந்தியதும் பின்னாலிருந்து நீட்டினால் போதும். (அந்தக் கரண்டி அப்புறம் ஜூலிக்கே சொந்தம்.) அதோடு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். செலவு யோசனையாக இருந்தால் பரேலில் விலங்குகளுக்கான பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது. டாக்ஸிக்காரர் முகம் சுளிக்காமலிருக்கப் பழைய பெட்ஷீட் ஒன்று எடுத்துப்போங்கள்.

படி ஏற மறுப்பது பெரும்பாலும் மூட்டுவலி. நாய் வலித்தால் கத்தும் என்று நினைக்காதீர்கள். எழுந்திருக்க நேரமெடுக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வழுக்கும் டைல்ஸில் ரப்பர் பாய் விரியுங்கள், நகத்தை வெட்டுங்கள், எடை கூடியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று புரூஃபென் கொடுத்துவிடாதீர்கள். குடல் புண்ணாகும், சிறுநீரகமும் போகும். நாய்களுக்கென்றே வலி மருந்து உண்டு, ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் எழுதித் தருவார்.

இரவுச் சுற்றலுக்கு வலியோ சிறுநீர் முட்டுவதோ காரணமாக இருக்கலாம். அவை இல்லாமல், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள், வீட்டு மனிதர்களையே தெரியாததுபோல் விழிக்கிறாள் என்றால் முதுமை மறதி. அதை முழுதாகக் குணமாக்க முடியாது. ஆனால் ஹாலில் ஒரு சிறிய விளக்கு, நேரம் தவறாத சாப்பாடு, மாலையில் மெதுவான நடை, தேவைப்பட்டால் மாத்திரை என்று ராத்திரியை ஓரளவு சமாளிக்கலாம்.

கணவரிடம் இப்போதைக்குச் சண்டை வேண்டாம். பரிசோதனை முடிவு கையில் வரட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மருந்து கொடுத்தும் வலி அடங்காமல், சாப்பாட்டையும் விட்டு, எழவே முடியாமல் கிடந்தால் ஊசியைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், 30 கிலோவை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.