கார் கேள்வி – பதில்: புதிய தலைமுறை வரும்வரை பழைய ஸ்போர்ட்ஸ் செடான் தாங்குமா?

கேள்வி: 2021-ல் வாங்கிய பிஎம்டபிள்யூ எம்340ஐ. 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நீட்டித்த வாரண்டி சில மாதங்களில் முடிகிறது. அடுத்த தலைமுறை 3 சீரிஸ் வரும்வரை இதையே ஓட்டலாமா, இப்போதே கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஓட்டலாம். ஆனால், வாரண்டியை மறுபடி நீட்டிக்க முடிய வேண்டும். டீலர் கைவிரித்துவிட்டால் கணக்கே வேறு.

‘வரும்வரை’ என்பது எவ்வளவு காலம் என்று முதலில் பாருங்கள். இப்போதைய 3 சீரிஸ் 2018 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் ஷோவில் அறிமுகமானது. இந்தியாவுக்கு வந்தது 2019 ஆகஸ்ட். அதன் வேகமான மாடலான எம்340ஐ வந்ததோ 2021 மார்ச்சில்தான். உலகம் பார்த்து இரண்டரை வருடம் கழித்துதான் நமக்கு அந்த ஆறு சிலிண்டர் கார் கிடைத்தது. அடுத்த முறையும் இவ்வளவு தாமதமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால், சாதாரண 3 சீரிஸ் ஷோரூமுக்கு வந்த அன்றே வேகமான மாடலும் பக்கத்தில் நிற்கும் என்று நம்பி வாரண்டி இல்லாமல் இருக்காதீர்கள்.

அடுத்தது வரி. 2021-ல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 15 சதவிகிதம். 62.90 லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலைக்கு சுமார் 9.4 லட்சம் கட்டியிருப்பீர்கள். 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம். புதிய கார் 70 லட்சம் என்று வைத்துக்கொண்டாலே வரி மட்டும் 14 லட்சம். காரை விற்கும்போது இந்தப் பணத்தை யாரும் தனியாகத் தரப்போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய செடான்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48 சதவிகிதமாக இருந்தது 40 ஆகக் குறைந்தது உண்மைதான். புதுசு விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். அதனால் உங்களுக்கு அதில் முழு லாபம் இல்லை.

ஒரு தாளை எடுத்து இப்படிப் போட்டுப் பாருங்கள். உங்கள் காருக்கு இன்று மூன்று இடங்களில் எழுத்துபூர்வமாக விலை வாங்குங்கள். உங்கள் காரைவிட இரண்டு வருடம் பழைய, 20,000 கி.மீ. அதிகம் ஓடிய ஒரு 3 சீரிஸ் என்ன விலைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். உதாரணத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 9 லட்சம். வாரண்டி, சர்வீஸ், ஒரு செட் டயர் என்று 5 லட்சம். ஆக, இரண்டு வருடம் வைத்திருக்க ஆகும் செலவு 14 லட்சம். புதிய காரின் சாலை வரியே அவ்வளவு! முதல் வருடத் தேய்மானத்தை நாம் இன்னும் சேர்க்கவேயில்லை. பெரிய சரிவை உங்கள் கார் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

இன்னொன்று, ரசனை சம்பந்தப்பட்டது. பிஎம்டபிள்யூவின் புதிய மாடல்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் இருக்காது. விண்ட்ஷீல்டின் அடியில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை தகவல்கள் ஓடும். உங்கள் 2021 மாடலில் ஏசிக்குத் தனி பட்டன், கையில் பிடிக்கிற கியர் லீவர் இரண்டும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டிலேயே (அதே தலைமுறையின் புதுப்பித்த மாடல்) பெரும்பாலான ஏசி பட்டன்கள் திரைக்குள் போய்விட்டன. கியர் லீவரும் சின்ன சுவிட்ச் ஆகிவிட்டது. புதுசை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: (அதே வாசகர்) வைத்துக்கொள்வதானால் என்ன வேலை செய்ய வேண்டும்?

உங்கள் காரில் உள்ள பி58 இன்ஜின் உழைப்பாளி. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் நம் ஊர் வெயிலுக்கு முதலில் தளர்கின்றன. கூலன்ட் டேங்க் இரண்டு இருக்கும்: ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இரண்டிலும் அளவைக் குறித்து வையுங்கள். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் ‘ஆவியாகியிருக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். மூடிய சுற்றில் கூலன்ட் சும்மா காணாமல் போகாது. பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஹோஸ் இணைப்புகளையும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டையும் முதலில் பார்க்க வேண்டும். அந்த கேஸ்கெட் கசிந்து, ஆயில் பெல்ட்டின் மேல் விழ ஆரம்பித்தால் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

ஆயில் கொள்ளளவு சுமார் 6.5 லிட்டர். டேஷ்போர்டு கேட்கும்வரை காத்திருக்காமல் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊருக்குள் குறைந்த தூரம் மட்டும் ஓடும் கார் என்றால் இது இன்னும் முக்கியம். பெட்ரோல் முழுதாக எரியாமல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்.

கியர்பாக்ஸ் ஆயில் ‘வாழ்நாளுக்கும் போதும்’ என்பார்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. நமக்கு 80,000 போதும். ஃபில்டர், கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டோடு (ஆயில் பேன்) சேர்ந்தே வரும். அந்தத் தட்டை முழுதாக மாற்ற வேண்டும். ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுச் சூடு பார்க்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டயரில் பலர் சிக்கனம் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் கார் இது. ஒரு டயர் பஞ்சர் ஆனது என்று வேறு பிராண்டு டயர் ஒன்றைப் போட்டால் சக்கரங்களின் சுற்றளவு மாறும். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் நேர்ச்சாலையிலும் வழுக்கிக்கொண்டே ஓடித் தேயும். மெதுவான வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் நடுங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் பிஎம்டபிள்யூவுக்கான நட்சத்திரக் குறி உள்ள டயரையே, நான்கும் ஒரே மாடலாகப் போடுங்கள். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 1421 என்றால் 2021-ன் 14-வது வாரம். காரோடு வந்த டயர்கள் இன்னும் இருந்தால், டயரின் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பேட்டரி மாற்றினால், புதிய பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் காருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் செய்யும். புதுசு சீக்கிரம் போய்விடும். இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் பில் வைத்திருங்கள். விற்கும் நாளில் அந்த ஃபைல்தான் பேரம் பேசும்.

கேள்வி: 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன். புதிய ஆர்எஸ் கிடைக்கவில்லை. அடுத்தது வரும்வரை காத்திருப்பது சரியா?
– வாசகர், சேலம்

இந்த வரிசைக்குக் காலண்டரே கிடையாது. 2017-ல் ஆர்எஸ் 230, 2020-ல் இறக்குமதியாக ஆர்எஸ் 245 (200 கார்கள்), பிறகு 2025 அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வெறும் 100 கார்கள். நடுவே 2023-ல் சாதாரண ஆக்டேவியாவும் நின்றுவிட்டது. அதனால் ‘அடுத்தது’ என்ற தேதியை மறந்துவிட்டு, இதையே இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப்போவதாக நினைத்துச் செலவு செய்யுங்கள்.

உங்கள் காரின் ஆறு கியர் டிஎஸ்ஜியில் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடும். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும். அது நடந்ததற்கு பில் இல்லை என்றால் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு இப்போதே மாற்றுங்கள். இன்ஜினில் வாட்டர் பம்ப்–தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக்; கசிவதற்குப் பேர்போனது. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பு) கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகக் காய்ந்த பொருக்கு தெரிந்தால் முழு யூனிட்டையும் மாற்றிவிடுங்கள். கேஸ்கெட் மட்டும் போட்டால் திரும்பவும் கசிய வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 2022 ஃபோக்ஸ்வாகன் விர்ட்டூஸ் ஜிடி, டிஎஸ்ஜி. சென்னை டிராஃபிக்கில் தினமும் ஓட்டுகிறேன். நான்கு வருட வாரண்டி முடியப்போகிறது. விற்றுவிடலாமா?
– வாசகி, சென்னை

விற்க வேண்டாம், வாரண்டியை மட்டும் முடிவதற்குள் நீட்டித்துவிடுங்கள். உங்களுடையது உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி. இதில் செலவு வைப்பது மெக்கட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு யூனிட். ஒற்றைப்படை கியர்கள் மட்டும் விழுந்து இரட்டைப்படையும் ரிவர்ஸும் விழாமல் போனாலோ, கியர் எழுத்துகள் மின்னினாலோ, இரண்டாவது கியரில் கார் குலுங்கினாலோ உடனே சர்வீஸ் சென்டரில் காட்டி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாரண்டி காலத்துக்குள் பதிவான புகார் என்பது பின்னால் உதவும்.

நெரிசலில் முன்னால் உள்ள கார் நகர்ந்ததும் அடி அடியாக ஊராதீர்கள். ஒரு கார் அளவு இடைவெளி விட்டு மொத்தமாக நகருங்கள். மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதியுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் காலத்தில் ஈசியூ ரீமேப் செய்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி) சக்தியைக் கூட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

வாரண்டி வேண்டுமென்றால் கூடாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் மாற்றிய மென்பொருளை டீலரின் கணினி கண்டுபிடித்தால் டிடி1 என்ற குறி காரின் பதிவில் ஏறும். இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி போய்விடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் தடயம் மிஞ்சும். வாரண்டி முடிந்த காராக இருந்தாலும் பிளக், கிளட்ச், கூலன்ட் சிஸ்டம் மூன்றையும் சரிபார்த்த பிறகு யோசியுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்க வேண்டாம்.