தீட்சை இல்லாமல் ஜபிக்கலாமா?

கேள்வி: சமையல் செய்யும்போதும் பேருந்தில் போகும்போதும் 'நமசிவாய' என்று சொல்லிக்கொண்டிருப்பது என் வழக்கம். தீட்சை பெறாமல் சொன்னால் பலன் இல்லை, தோஷமும் உண்டு என்கிறார் உறவினர் ஒருவர். பாதி நேரம் மனமும் அதில் நிற்பதில்லை. நிறுத்திவிடட்டுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் உறவினர் காரணமில்லாமல் சொல்லவில்லை. மந்திரத்துக்குரிய ரிஷி, சந்தஸ் (யாப்பு), தேவதை சொல்லி, நியாசங்கள் (மந்திரம் சொல்லி உடலின் அங்கங்களைத் தொடுதல்) செய்து, பீஜாக்ஷரம் ('ஹ்ரீம்' போன்ற வித்தெழுத்து) சேர்த்து, குறித்த எண்ணிக்கையில் செய்யும் மந்திர ஜபத்துக்குக் குருவின் உபதேசம் வேண்டும் என்பதே மரபு. சைவத்தில் சமயம், விசேடம், நிர்வாணம் என்று தீட்சைக்குப் படிகளே வகுத்திருக்கிறார்கள். யாரோ காணொளியில் சொல்லக் கேட்டுப் பீஜ மந்திரங்களைத் தாமாகவே தொடங்கிவிடும் இன்றைய அவசரம் எனக்கும் உடன்பாடில்லை.

நீங்கள் செய்வதோ நாம ஜபம். இறைவன் பெயரைச் சொல்லி அழைப்பதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. தேவாரம் பாடிய மூவருமே ஐந்தெழுத்தை வெளிப்படையாகப் பதிகத்தில் வைத்துப் பாடினார்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது திருநாவுக்கரசர் 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று பாட, அந்தக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது என்கிறது பெரியபுராணம். திருநல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணத்தன்று சோதி தோன்றியபோது 'காதலாகிக் கசிந்து' எனத் தொடங்கும் பதிகத்தைப் பாடிய சம்பந்தர், அங்கு வந்திருந்த அனைவரையும் அச்சோதியில் புகச் சொன்னார். வாசலில் நின்று யார் தீட்சை பெற்றவர் என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை!

மனம் நிற்பதில்லை என்ற உங்கள் குறைக்கு, உங்கள் ஊருக்கு அருகிலேயே, காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பாடப்பட்ட பதிகம் ஒன்று இருக்கிறது. 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று அங்கே சுந்தரர் பாடினார். தாம் மறந்தாலும் நா மறக்காது என்று சொல்லும் அளவுக்கு நாவைப் பழக்கியிருந்தார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அடுப்படியில் கை ஒரு வேலையில் இருக்க, மனம் வேறெங்கோ அலைய, உதடு மட்டும் நாமத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதென்றால், அந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். மனம் விலகியது தெரிந்தவுடன் வருந்திக்கொண்டிராமல், அடுத்த 'நமசிவாய'வைச் சற்று நிதானமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜபமாலை இல்லாதபோது எண்ணிக்கையை எப்படி வைத்துக்கொள்வது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: விரல் கணுக்களே போதும். வலக்கை மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்துத் தொடங்கி, அதன் அடிக்கணு, பிறகு சுண்டுவிரலின் அடி, நடு, நுனி, அங்கிருந்து மோதிர விரலின் நுனி, நடுவிரலின் நுனி என்று சுற்றி வந்து, ஆள்காட்டி விரலின் நுனி, நடு, அடி என முடித்தால் பத்து ஆகும். நடுவிரலின் எஞ்சிய இரண்டு கணுக்கள் மேரு, அதாவது தாண்டக் கூடாத எல்லை; அவற்றைத் தொடுவதில்லை. மாலையிலும் இதே கணக்குத்தான்: 108 மணிகள் முடிந்து மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இடையில் எண் தவறினால் அஞ்ச வேண்டாம். 100க்கு மேல் உள்ள 8, விட்டுப்போனவற்றுக்கு ஈடு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

கேள்வி: வாய்விட்டுச் சொல்வதா, மனத்துக்குள் சொல்வதா, எது உயர்ந்தது? (வாசகர், மதுரை)

பதில்: விதிப்படி செய்யும் வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கும், பிறர் செவியில் விழாமல் உதடு மட்டும் அசையும் உபாம்சு நூறு மடங்கும், மனத்தால் செய்யும் மானசம் ஆயிரம் மடங்கும் உயர்ந்தவை என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. ஆனால் கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் (சமாதி) கொண்டுள்ள, நாம ஜபத்தைப் பரப்பிய துறவி போதேந்திராளின் வழியில் வந்த பஜனை சம்பிரதாயத்தாரோ நாமத்தை உரக்கச் சொல்வதையே போற்றுகிறார்கள். கேட்பவருக்கும் அதில் பங்குண்டு அல்லவா? புதிதாகத் தொடங்குபவர் மானசத்தில் இறங்கினால் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். ஆகவே, முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் தானாகத் தணியும்போது தணியட்டும்.