வலது காது கேக்காது, பெங்களூர்ல கார் ஓட்டலாமா?

தம்பி, கரூர்ல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆகுது, வலது காது ரொம்ப மந்தம், ஊர் பைபாஸ்ல ஓட்டின தைரியம் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலைப் பார்த்ததும் போயிடுச்சு, இங்க கார் ஓட்டலாமா, லைசென்ஸ்ல சிக்கல் வருமானு கேட்டிருக்கீங்க. எனக்கு இடது காது. ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து, போகும்போது அந்தக் காதையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. 2003ல கல்யாணமாகி சாத்தூர்ல இருந்து இங்க பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தேன். 40 தாண்டினதும் வலது காதும் கொஞ்சம் இறங்க ஆரம்பிச்சு, இப்ப அதுல காது கேக்குற கருவி. 2009ல இருந்து கார் ஓட்டுறேன். அதனால உங்க கேள்விக்குப் பதில்: ஓட்டலாம்.

லைசென்ஸ் கதையை முதல்லயே முடிச்சிடுறேன். காது கேக்காதுன்னாலே ஆர்டிஓ ஆபீஸ்ல திருப்பி அனுப்பின காலம் ஒண்ணு இருந்துச்சு. 2011ல டெல்லி ஹைகோர்ட், டெஸ்ட்ல ஓட்டிக் காட்டிப் பாஸ் ஆனா லைசென்ஸ் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. 2016ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும், வண்டி ஓட்டுறது முக்கியமா கண்ணோட வேலைனு சொல்லி மாநிலங்களுக்கு எழுதினாங்க. உங்க தமிழ்நாட்டு லைசென்ஸ் இங்க அப்படியே செல்லும். 40 வயசுக்கு மேல புதுப்பிக்கும்போது ஃபார்ம் 1ஏ டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, அதுல காதைப் பத்தியும் ஒரு கேள்வி உண்டு. கருவி இருந்தா போட்டுக்கிட்டே போங்க, மறைக்காதீங்க. உங்க கரூர் டிஎன் 47 வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா கர்நாடகா கேஏ நம்பருக்கு மாத்தணும். அது காதுக்குச் சம்பந்தமில்லாத தனித் தலைவலி.

ஒத்தைக் காதுக்காரங்களுக்குச் சத்தம் கேக்காம போறதில்லை, அது எங்க இருந்து வருதுனு தெரியாம போறதுதான் பிரச்சினை. ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்றதுல இருக்கிற துளி நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வச்சுத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுது. ஒண்ணு போச்சுன்னா எல்லாச் சத்தமும் நல்ல காதுப் பக்கம் இருந்தே வர்ற மாதிரி இருக்கும். எனக்கு உலகமே வலப்பக்கம்.

கே.ஆர்.புரம் தொங்குபாலத்தைத் தாண்டி டின் ஃபேக்டரி கிட்ட ஒரு நாள் ஊர்ந்துக்கிட்டிருந்தேன். சைரன் கேட்டுச்சு. வலது பக்கம் வருதுனு நினைச்சு அவசரமா இடது ஓரத்துக்கு ஒதுங்கினேன். ஆம்புலன்ஸ் அந்த இடது ஓரமாத்தான் பைக்குகளை விலக்கிக்கிட்டு வந்து என் பின்னாடி முட்டுற மாதிரி நின்னுச்சு. டிரைவர் ரெண்டு கையையும் விரிச்சது கண்ணாடில தெரிஞ்சுது. வழி விடலைன்னா 10,000 ரூபாய் அபராதம்னு 2019 சட்டத் திருத்தத்துல இருக்கு. அன்னிக்கு யாரும் எழுதலை, ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அதுக்கப்புறம் சைரன் கேட்டா ஸ்டியரிங்கைத் தொடுறதில்லை. முதல்ல மூணு கண்ணாடியையும் பார்ப்பேன், அடுத்து முன்னாடி இருக்கிற வண்டிங்க எந்தப் பக்கம் பிரியுதுனு பார்ப்பேன். அதுக்கு ரெண்டு செகண்ட் போதும். உங்களுக்கு எல்லாம் இடப்பக்கமாக் கேக்கும், அதனால நீங்க வலப்பக்கம் ஒதுங்கத் தோணும். உஷாரா இருங்க.

நம்ம வண்டில ஸ்டியரிங் வலப்பக்கம். உங்க கேக்காத காது ஜன்னல் ஓரம், நல்ல காது பக்கத்து சீட்டுப் பக்கம். ஓவர்டேக் பண்றவன் ஹாரன் உங்களுக்கு மங்கலாத்தான் வரும், வலது கண்ணாடியை நம்பித்தான் ஓட்டணும். எனக்கு நேர் எதிர். பக்கத்துல உட்கார்ந்து பேசுறவர் சொல்றது கேக்காது, உதட்டைப் பார்க்க முகம் தானாத் திரும்பிடும். கேக்காத ஹாரனை விட இந்தத் திரும்பல்தான் என்னை ரெண்டு தடவை இடிக்க வச்சிருக்கு. இப்ப எங்க வீட்டுச் சட்டம், சிவப்பு விழுந்தாத்தான் பேச்சு. இந்த ஊர் சிக்னல்ல ஒரு குடும்பச் சண்டையைத் தொடங்கி சமாதானமே ஆகிடலாம்.

கருவி பத்தி ஒண்ணு. இரைச்சல்ல பின்னாடி சத்தத்தைக் குறைச்சு, எதிர்ல பேசுறவங்க குரலைத் தூக்கிக் கொடுக்கிற வேலையை நிறைய கருவிங்க தானாவே செய்யும். ஹோட்டல் மேஜைக்கு நல்லது, கார்ல வேண்டாதது. பின்னாடி வர்றது எல்லாம் அமுங்கிடும். எல்லாத் திசையும் சமமாக் கேக்கிற மாதிரி வண்டிக்குனு தனி புரோகிராம் வச்சுக் கொடுக்கச் சொல்லி காது டெஸ்ட் பண்ணி கருவி வச்சுக் கொடுக்கிற ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேளுங்க. எங்க லிங்கராஜபுரத்துலயே டாக்டர் எஸ்.ஆர்.சந்திரசேகர் பேச்சு செவிப்புலன் நிறுவனம் இருக்கு, நிமான்ஸ் ஆஸ்பத்திரிலயும் அதுக்குனு பிரிவு உண்டு. பேட்டரி போடுற கருவின்னா ஒரு அட்டை பேட்டரி கைப்பையில இருக்கட்டும். டாஷ்போர்டுல வேண்டாம், வெயில்ல வீணாப் போயிடும். என்னோடது பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டின 312 சைஸ் பேட்டரி. ஸ்டிக்கரை உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்து படவிட்டுப் போடுங்க. ஓடுற வண்டில மட்டும் மாத்தாதீங்க, ஓரங்கட்டிட்டு மாத்துங்க.

சின்னச் சத்தம்தான் மானத்தை வாங்கும். இண்டிகேட்டர் டிக் டிக் எனக்குக் கேக்காது. ஹெண்ணூர் கிராஸ்ல போட்ட வலது இண்டிகேட்டரை ஹெப்பாள் வரைக்கும் எரியவிட்டே போயிருக்கேன். திரும்பி முடிச்சதும் அம்புக்குறியைப் பாருங்க. ரிவர்ஸ் பீப்பை நம்பாம கேமரா போடுங்க. பக்கக் கண்ணாடில ஒட்டுற சின்ன வட்டக் கண்ணாடி ரெண்டு வாங்கிடுங்க, இடது ஓரமா நுழையிற ஸ்கூட்டர்லாம் அதுலதான் மாட்டும்.

அப்புறம் போலீஸ். ஒரு சிக்னல்ல கான்ஸ்டபிள் குனிஞ்சு ஏதோ கேட்டார். புரியாட்டித் தலையாட்டுறது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வியாதி. ஆட்டினேன். சிக்னலைத் தாண்டினீங்களானு கேட்டிருக்கார்! தாண்டாத சிக்னலுக்கு அபராதம் கட்டினேன். இப்பல்லாம் நிறுத்தினா இன்ஜினை அணைச்சு, கண்ணாடியை இறக்கி, காதைத் தொட்டுக் காட்டி, 'சார், கிவி சரியாகி கேள்சல்லா, நிதானவாகி ஹேளி'னு கன்னடத்துல சொல்லிடுறேன். காது சரியாக் கேக்காது, நிதானமாச் சொல்லுங்கனு அர்த்தம். இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்கோங்க. முக்கால்வாசிப் பேர் தமிழ்லயே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

ஆபீஸ் எந்தப் பக்கம்னு எழுதலையே? எலக்ட்ரானிக் சிட்டின்னா சில்க் போர்டு வழியா 2025 ஆகஸ்ட்ல இருந்து மஞ்சள் லைன் மெட்ரோ ஓடுது, வேலை நாள்ல அதுல போயிடுங்க. காரை ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு எடுத்து, பக்கத்துல யாரையும் உட்கார வைக்காம ஒரு நாலு வாரம் ஓட்டிப் பாருங்க.